பூசணிக்காய்க்கு வைத்த பொட்டு

1. ட்ரங்க் கால்

“ஏலே சுப்பையா, பூசணிக்காய்க்குப் பொட்டு வச்சது யாருலே?”

முதலாளி டெலிபோனை நெஞ்சோடு சேர்த்துப் பிடித்துக்கொண்டு ஆபீஸ் ரூமிலிருந்து கத்தினார். நான் மிஷினை நிறுத்திவிட்டு ஓடினேன். ஆயுசில் பாதியைச் சிவகாசி லித்தோ மிஷின்களுக்குப் பக்கத்திலேயே கழித்தவன் நான். முதலாளிமார் போடும் சத்தம் எனக்குப் புதிதல்ல. ஆனால் அன்றைக்கு அவர் குரலில் கோபத்தைவிட பயம்தான் அதிகம் இருந்தது. அறுபதுகளின் நடுவில் நடந்த சங்கதி இது. ட்ரங்க் கால் தூத்துக்குடியிலிருந்து வந்திருந்தது. பேசியது ஷிப்பிங் ஏஜென்ட்.

“எந்தப் பூசணிக்கா மொதலாளி?”

“எந்தப் பூசணிக்காயா? நீ அடிச்சியே பேய் மூஞ்சி, அதுதாம்லே. கப்பல்ல ஏத்தப் போற நேரத்துல ஒரு கட்டைப் பிரிச்சுப் பாத்திருக்காக. ஒவ்வொண்ணு நெத்தியிலயும் குங்குமம் இருக்காம்.”

எனக்கு ஒன்றும் விளங்கவில்லை. நான் அடித்த சிவப்பு அந்தப் பூசணியின் வாய்க்குள்ளேதான் இருந்தது. நெற்றியில் மஞ்சளைத் தவிர வேறு கலரே கிடையாது. புரூஃபை எடுத்துக் காட்டினேன். அவர் அதைப் பார்க்கக்கூட இல்லை.

“சட்டையப் போட்டுட்டு வா. தூத்துக்குடிக்குப் போறோம்.”

2. பேய் ஆர்டர்

இங்கே கொஞ்சம் பின்னால் போக வேண்டும். இன்றைக்குப் பிரஸ்களில் வேலை பார்க்கிற பிள்ளைகளுக்கு அந்தக் காலத்துப் பழக்கம் தெரியாது. பெரிய ஆர்டர் ஒன்று வந்தால் அது யாருக்கு, எந்த ஊருக்கு, எதற்கு என்று முதலாளிமார் மூச்சு விடமாட்டார்கள். டீக்கடையில் ஒருத்தன் வாய் தவறினால் போதும், மறுநாள் விடியுமுன் அடுத்த பிரஸ்காரர் பழக்கூடையோடு ஏஜென்ட் வீட்டு வாசலில் நிற்பார். அதனால் வேலை செய்கிறவனுக்கே என்ன வேலை செய்கிறோம் என்று தெரியாது. அப்படித்தான் ஊரே ஓடியது.

அந்த வருஷம் காலண்டர் சீசன் முடிந்து, நல்ல வெயிலில் மிஷின்கள் சும்மா கிடந்தன. முதலாளி ஒருநாள் துண்டில் சுற்றி ஒரு சாம்பிள் கொண்டுவந்தார். வெளிநாட்டு அச்சு. மஞ்சள் பூசணிக்காய். அதில் முக்கோணக் கண்ணும், ரம்பம் மாதிரி பல்லும், காது வரைக்கும் கிழிந்த சிரிப்பும் இருந்தன. எங்கள் ஆர்ட்டிஸ்ட் அதைக் கையில் வாங்கிப் பார்த்துவிட்டு, “நேத்து வரைக்கும் லெச்சுமிக்குக் கண்ணு வரஞ்ச கை. இன்னைக்கு இவனுக்குப் பல்லு வரையணுமாக்கும்” என்றார். எல்லோரும் சிரித்தோம்.

நான் வாயை வைத்துக்கொண்டு சும்மா இருக்கவில்லை.

“மொதலாளி, இது என்னத்துக்கு?”

“அச்சடிக்கிறவனுக்கு அது என்னத்துக்கு? ரிஜிஸ்டர் சரியா விழுதான்னு பாரு. இது மட்டும் பாஸாச்சுன்னா பூனை, எலும்புக்கூடுன்னு வருசா வருசம் நமக்குத்தாம்லே.”

சரி, நமக்கென்ன என்று ரிஜிஸ்டரை, அதாவது ஒரு கலர் மேல் இன்னொன்று விலகாமல் விழுகிறதா என்பதைப் பார்த்தேன். அந்த வெயிலுக்குப் பேப்பர் சுருங்கி, கருப்பு ஒரு பக்கமும் மஞ்சள் ஒரு பக்கமும் போகும். தரையெல்லாம் தண்ணீர் தெளித்து, சன்னலில் ஈரச்சாக்கு தொங்கவிட்டு, ஒரு மூஞ்சிகூடக் கோணாமல் அடித்தேன். பேர் தெரியாத அந்த வேலைக்கு ‘பேய் ஆர்டர்’ என்று நாங்களே பேர் வைத்துக்கொண்டோம்.

3. சீனியம்மாள்

அச்சடித்து அட்டையில் ஒட்டி, மூஞ்சி வடிவத்துக்கு டை கட்டிங் ஆனபிறகு, ஒவ்வொரு மூஞ்சிக்கும் உச்சியில் ஓட்டை போட்டு நூல் கோர்த்துக் கட்ட வேண்டும். அது வீட்டில் வைத்துச் செய்கிற வேலை. திருத்தங்கலில் எங்கள் பிரஸ்ஸுக்குக் கவர் ஒட்டிக் கொடுத்துக்கொண்டிருந்த சீனியம்மாள் அதைக் கேட்டு வந்து நின்றாள். அவள் புருஷன் மழையை நம்பி மானாவாரிக் காட்டைக் கட்டி அழுதுகொண்டிருந்த மனுஷன். வீட்டுக்கு வருமானம் மகள் பொன்னுத்தாய்தான். நாரணாபுரத்தில் ஒரு பட்டாசுக் கம்பெனியில் குழாய்க்குள் வெடிமருந்து செலுத்தும் வேலை அவளுக்கு. மருந்துத்தூள் நெஞ்சில் இறங்கி, நாலு எட்டு நடந்தால் மூச்சு வாங்கும். இனி அந்தத் தூள் பக்கமே போகக் கூடாது என்று டாக்டர் கண்டிப்பாகச் சொல்லியிருந்தார்.

“மொதலாளி, இந்த வேலைய எங்கிட்டக் குடுங்க. எங்க தெருவே சேந்து முடிச்சுக் குடுத்துரும். வருசம் பூரா இப்படிக் கைவேலை கெடைச்சா எம்பிள்ளைய அந்த மருந்துக்கு அனுப்பவே மாட்டேன். ஒங்களுக்குப் புண்ணியமாப் போகும்.”

முதலாளி ஈவிரக்கம் இல்லாதவர் அல்ல. “மொத லோடு சுத்தமா வரட்டும்மா. ஒண்ணுகூடப் பழுதாகக் கூடாது. அப்புறம் வருசம் பூரா ஒனக்குத்தான். ஆனா ஒருத்தர் கண்ணுலயும் படக் கூடாது பாத்துக்க” என்றார். கண்ணில் படக் கூடாது என்பதற்காகவே, கட்டி முடித்த சரக்கைப் பிரஸ்ஸுக்குக் கொண்டுவராமல், லாரியை நேரே அவள் வீட்டு வாசலுக்கு அனுப்பித் தூத்துக்குடிக்கு ஏற்றிவிட்டார். அதனால் எங்களில் யாரும் அதைத் திரும்பப் பார்க்கவில்லை.

பொன்னுத்தாய் பட்டாசு வேலையை விட்டுவிட்டு அம்மாவோடு உட்கார்ந்து நூல் கோர்த்தாள். அட்டை இறக்கப் போன அன்று பார்த்தேன். “இப்ப இருமல் கொறஞ்சிருக்கு மாமா” என்று அவளே சொன்னாள். எனக்கும் சந்தோஷமாகத்தான் இருந்தது.

4. குடோன்

தூத்துக்குடி குடோனில் ஏஜென்ட் கட்டுகளைப் பிரித்துப் போட்டிருந்தார். சொல்லி வைத்தாற்போல ஒவ்வொரு பூசணியின் நெற்றி நடுவிலும் வட்டமாக, அழகாக ஒரு குங்குமப் பொட்டு. தேங்காய் எண்ணெயில் குழைத்து வைத்திருக்கிறார்கள். லாரிச் சூட்டிலும் குடோன் சூட்டிலும் எண்ணெய் இறங்கி, அடுத்த அட்டையின் முதுகு வரைக்கும் சிவப்பாகப் பரவியிருந்தது. தேறுமா என்று கட்டுக்கட்டாகப் பிரித்துப் பார்த்தேன். தேறவில்லை.

“ஒண்ணு ரெண்டுன்னா கழிச்சுட்டு ஏத்திருவேன் அண்ணாச்சி. எல்லாத்துலயும்லா இருக்கு” என்று கையை விரித்தார் ஏஜென்ட்.

அங்கேதான் இது எதற்கு என்று நான் முதன்முதலாகக் கேள்விப்பட்டேன். ஏஜென்ட் சொன்னார்: “அந்த ஊர்கள்ல ஹாலோவீன்னு ஒரு நாள் இருக்கு. பிள்ளைக பேய் வேசம் கட்டிக்கிட்டு வீடு வீடாப் போகும். வீட்டுக்காரக மிட்டாய் குடுப்பாக. அன்னைக்கு வீட்டு வாசல், கடை வாசல் எல்லாம் இதத் தொங்க விடுவாக. சும்மா வெளையாட்டு.”

திரும்பி வந்ததும் நேரே சீனியம்மாள் வீட்டுக்குப் போனோம். தெருப் பெண்கள் கூடிவிட்டார்கள். அடுத்த லோடு கொடுக்க வந்திருக்கிறோம் என்று சீனியம்மாள் நினைத்திருப்பாள் போல. முகமெல்லாம் சிரிப்பாக வந்தாள்.

“ஏம்மா, நெத்தியில குங்குமம் வச்சீகளா?”

“ஆமா மொதலாளி. எல்லாத்துக்கும் வச்சிருக்கோம். ஒண்ணுகூட விடல. உதுந்துறக் கூடாதுன்னு தேங்காண்ணெயில கொழச்சு வச்சோம்.”

எவ்வளவு பெருமையாகச் சொன்னாள்! எனக்கு அங்கே நிற்க முடியவில்லை. முதலாளி பக்கத்தில் கிடந்த ஆட்டுக்கல்லில் உட்கார்ந்து இரண்டு கையாலும் முகத்தை மூடிக்கொண்டார். அப்போதுதான் அவளுக்கு ஏதோ தப்பு நடந்துவிட்டது என்று தெரிந்தது.

“கண்ணு திருஷ்டிக்குக் கட்டுற பூசணிக்காய்க்குப் பொட்டு வைக்காம எப்படி மொதலாளி வெறும் மூஞ்சியா அனுப்புறது? வாங்கிக் கட்டுறவுக வீட்டுக்கு ஆகாதுல்ல? பச்சப் பிள்ளைக இருக்குற வீட்டுல வச்சுத்தான கோத்தோம், எங்க பிள்ளைகளுக்கும் ஆகாதுல்ல?”

“கெடுத்துட்டியேம்மா. எல்லாத்தையும் கெடுத்துட்டியே.”

“அப்ப அது என்னத்துக்குன்னு ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம்லய்யா” என்றாள் சீனியம்மாள், அழுதுகொண்டே.

அப்போதும் முதலாளி சொல்லவில்லை. தெருவே நின்று கேட்டுக்கொண்டிருந்ததே! பொன்னுத்தாய் நூல்கண்டோடு நிலைப்படியில் நின்று எங்களையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

காரில் வரும்போது நான் பேசிப் பார்த்தேன். “அந்தம்மா மேல தப்பில்ல மொதலாளி. நம்ம ஊர்ல எவகிட்டக் குடுத்தாலும் இதத்தான் செஞ்சிருப்பா. இன்னொரு தரம் குடுத்துப் பாப்போம்.”

“அப்ப என் தப்புங்கியா? ஏஜென்ட் இனி நம்ம பக்கம் தலை வச்சுப் படுப்பானா? என்னத்தலே நா குடுக்க?”

அந்த மாதமே பொன்னுத்தாய் பட்டாசுக் கம்பெனிக்குத் திரும்பிப் போய்விட்டாள்.

5. ஊரெல்லாம் மூஞ்சி

சரக்கு திரும்பி வந்தது. வெடிக் குழாய் சுருட்டக் கழிவுப் பேப்பராகப் போட்டுவிடலாம் என்றுதான் முதலாளி இருந்தார். இறக்கிய லாரி டிரைவர் ஒன்றை உருவி வண்டி முகப்பில் கட்டினார். அதைப் பார்த்து டீக்கடைக்காரர் ஒன்று கேட்டார். அப்புறம் சலூன், பலசரக்குக் கடை, சைக்கிள் கடை, பாதி கட்டின வீடு, சினை மாடு நிற்கிற தொழுவம் என்று ஒரு இடம் பாக்கியில்லை. போகிற வருகிறவர்களெல்லாம் பிரஸ் வாசலில் நின்று, “அண்ணாச்சி, எனக்கொரு பூசணிக்கா” என்று கேட்டு வாங்கிப் போனார்கள். கொஞ்ச நாளில் விருதுநகர் பஜார் வரைக்கும் அந்தக் கிழிந்த வாய் சிரித்தது. கப்பலேறிப் போய் எந்த ஊரில் தொங்க வேண்டியதோ, அந்த ஊர் மாதிரியே எங்கள் ஊர் ஆகிவிட்டது.

எல்லாம் தீர்ந்தபிறகும் ஆட்கள் வந்தார்கள். நூல் கோர்க்க அனுப்பாமல் பிரஸ்ஸிலேயே மிஞ்சிய, பொட்டு வைக்காத அட்டைகள் கொஞ்சம் கிடந்தன. அதை நீட்டினால் ஒருத்தரும் வாங்கவில்லை. “இது மொட்டையா இருக்கே. பொட்டு வச்சதக் குடுங்க” என்றார்கள்.

முதலாளி வியாபாரி. இரண்டு நாள் யோசித்துவிட்டு என்னைக் கூப்பிட்டார்.

“சுப்பையா, பொட்டையும் சேத்து அடிச்சா என்ன? கூடக் கலர் வேணுமோ?”

“வேண்டாம் மொதலாளி. செவப்பு பிளேட்டுல ஒரு வட்டம் போட்டாப் போதும்.”

“போடு. அடுத்த சீசன் நமக்கு இதுதான்.”

“நூல் கோக்குற வேலைய சீனியம்மாகிட்டக் குடுத்துரலாம்லா? இந்தப் பொட்டு அவ வச்சதுதான?”

“ஐலெட் மிஷின் வாங்கியாச்சுலே. ஓட்டையப் போட்டு வளையத்தையும் அதுவே அடிச்சுரும், நூல் கோக்க ஆள் வேண்டாம். வெளிய குடுத்துப் பட்டது போதும்” என்றார்.

பல வருஷம் அந்தப் பூசணி ஓடியது. எங்கள் பிரஸ் அதில்தான் நிமிர்ந்தது. அதை அடித்தவன் நான்தான். ஒவ்வொரு ஷீட்டிலும் அந்தச் சிவப்பு வட்டம் விழும்போது சீனியம்மாள் ஞாபகம் வரும். ஒருநாள் திருத்தங்கல் பஸ்ஸில் அவளைப் பார்த்து, இன்னொரு தரம் வந்து முதலாளியிடம் கேட்கச் சொன்னேன். “எந்த மொகத்த வச்சுக்கிட்டு அண்ணாச்சி கேக்க?” என்றாள்.

6. நாரணாபுரம்

பிறகொரு சமயம் வெடிப் பெட்டி லேபிள் சாம்பிளோடு நாரணாபுரத்துக் கம்பெனி ஒன்றுக்குப் போனேன். கேட்டில் எங்கள் பூசணி தொங்கியது. மத்தியான இடைவேளை. வேப்பமரத்தடியில் சாப்பிட்டுக்கொண்டிருந்த பெண்களில் ஒருத்தி எழுந்து வந்தாள். கையும் புருவமும் வெள்ளித்தூளாக இருந்ததால் முதலில் ஆள் தெரியவில்லை. பொன்னுத்தாய்.

“நல்லாருக்கீகளா மாமா? சாப்பிட்டீகளா?”

கேட்டு முடிப்பதற்குள் அவளுக்கு மூச்சு வாங்கியது. கேட்டில் தொங்கியதைக் கையால் காட்டினாள்.

“அன்னைக்கு எங்கம்மா கேட்டுச்சே, இது என்னத்துக்குன்னு. ஒருத்தரும் சொல்லல. ஒங்களுக்காவது தெரியுமா மாமா?”

சொன்னேன். எங்கேயோ ஒரு ஊரில் வருஷத்துக்கு ஒரு நாள் பிள்ளைகள் பேய் வேஷம் கட்டி வீடு வீடாகப் போவதையும், வீட்டுக்காரர்கள் மிட்டாய் கொடுப்பதையும், அன்றைக்கு வாசலில் தொங்கவிடும் விளையாட்டுப் பொருள் இது என்பதையும் சொன்னேன். கதை கேட்கிற பிள்ளை மாதிரி என் வாயையே பார்த்துக்கொண்டு கேட்டாள். அப்புறம் சிரித்தாள்.

“இம்புட்டுத்தானா மாமா? இதுக்கா எங்கம்மா அம்புட்டு அழுதா?”

சிரிப்பு இருமலாக மாறியது. தூணைப் பிடித்துக்கொண்டு இருமி முடித்து, பெல் அடித்ததும் மருந்து ரூமைப் பார்த்து நடந்தாள்.

பின்னாளில் நான் போர்மேன் ஆனேன். என் செக்சனுக்கு எந்த வேலை வந்தாலும், இது எங்கே போகிறது, யார் கைக்குப் போகிறது, எதற்கு என்று மிஷின்மேன் முதல் தரை கூட்டுகிறவர் வரை எல்லோரிடமும் சொல்லிவிட்டுத்தான் ஆரம்பிப்பேன். அதனால் இரண்டொரு ஆர்டர் அடுத்த பிரஸ்ஸுக்குப் போயிருக்கிறது. முதலாளியிடம் வாங்கிக் கட்டிக்கொண்டும் இருக்கிறேன். போனால் போகட்டும். உங்களுக்கும் நான் சொல்வது அதுதான். வேலையைக் கொடுக்கும்போதே அது எதற்கு என்றும் சொல்லிக் கொடுங்கள். பொன்னுத்தாய்க்கு நான் எல்லாம் முடிந்தபிறகுதான் சொன்னேன்.