பூட்டிய வீடுகளின் பங்கு

இராமநாதபுரத்தின் ஓரத்தில் எங்கள் தெரு இன்னும் மணல்தான். காற்றடித்தால் அதுவே எழுந்து போய் வேறொரு வாசலில் படுத்துக்கொள்ளும். பாதி வீடுகள் பூட்டிக் கிடக்கின்றன, சொந்தக்காரர்கள் வளைகுடாவில். என் கணவரும் அங்கேதான்.

தெருக்காரர்கள் எல்லாரும் சம்மதித்து ஒரு பங்கு கட்டினால், மீதியை நகராட்சி போட்டு சிமென்ட் ரோடு அமைத்துத் தருமாம். எதிர்வீட்டு ஜெசிந்தா அக்கா அதற்காகக் கையெழுத்துக் கேட்டு வந்தார்.

"என் வீட்டுக்கு யாரு வாரா அக்கா, ரோடு போட?" என்று திருப்பி அனுப்பிவிட்டேன்.

போன கோடையில் ஒரு மதியம், தண்ணீர் மோட்டாரைப் போட்ட நான் சர்க்கரை குறைந்து மயங்கி விழுந்தேன். தொட்டி வழிந்து தண்ணீர் தெருவுக்கு வந்ததைப் பார்த்துத்தான் அக்கா ஓடி வந்திருக்கிறார். அவர் அழைத்த ஆம்புலன்ஸ் தெருமுனையிலேயே மணலில் புதைந்து நின்றுவிட்டது. எனக்கு லேசாக நினைவு திரும்பியபோது பிளாஸ்டிக் நாற்காலியில் இருந்தேன். அக்காவும் தெருப் பெண்கள் இருவரும் கால் புதையப் புதைய என்னைத் தூக்கிப் போய்க்கொண்டிருந்தார்கள்.

"யாரு வாரான்னு கேட்டியே, இந்தா வந்துட்டோம்ல. எடையக் கொஞ்சம் கொறைடி," என்றார் அக்கா, மூச்சிரைக்க.

இன்னும் தாமதித்திருந்தால் சிரமம் என்றார்கள் ஆஸ்பத்திரியில்.

கையெழுத்துப் போட்டு என் பங்கைக் கட்டிவிட்டேன். பூட்டிய வீடுகள்தான் பாக்கி. வளைகுடாவில் விடுமுறையான வெள்ளிக்கிழமைகளில் அந்த வீட்டுக்காரர்களை ஒவ்வொருவராக நான்தான் போனில் அழைக்கிறேன். ரோட்டுப் பேச்சு முடிந்த பிறகும் அவர்களுக்குப் போனை வைக்க மனம் வராது.

"எங்க வீட்டு முருங்கை காய்ச்சிருக்கா லாத்தா?" என்பார்கள், என்னை அக்கா முறை வைத்து.

"இருங்க, பாத்துச் சொல்றேன்," என்று போனும் கையுமாக மணலில் இறங்கி நடக்கிறேன்.