அலெக்சாண்டிரியாவில் கூப்பிட்ட பெயர்

எங்கள் தர்மபுரி மாவட்டத்துக்குக் கடல் கிடையாது. அதனால்தானோ என்னவோ, கடலென்றால் எனக்கு ஆகாது. திருச்செந்தூர் போனபோதுகூடக் கணுக்கால் நனைந்ததும் கரையேறிவிட்டவள் நான். பயம் எனக்குக் கூடப்பிறந்தது. பல்லி என்றால் பயம், லிஃப்ட் என்றால் பயம். மகன் இரண்டு நாள் போன் செய்யாவிட்டால் பயம், வழக்கமான நேரத்துக்கு முன்னாலேயே செய்துவிட்டால் அதைவிடப் பயம். பாப்பாரப்பட்டிப் பக்கம் ஒரு பள்ளியில் முப்பது வருடம் பிள்ளைகளை அதட்டி ஓய்வு பெற்றவள் என்று சொன்னால் யாரும் நம்புவதில்லை. அதட்டுவது வேறு, தைரியம் வேறு.

மகனுக்குக் கெய்ரோவில் வேலை. போன வருடம் எங்கள் இருவரையும் பத்து நாள் வந்து இருக்கச் சொன்னான். போய்ச் சேர்ந்த பிறகுதான் அவனுக்கு லீவு கிடைக்கவில்லை என்பது தெரிந்தது. சும்மா அறைக்குள் உட்கார்ந்திருக்க வேண்டாம் என்று, இரண்டு நாள் அலெக்சாண்டிரியா பார்த்துவர ஏற்பாடு செய்தான்.

“ரெண்டாயிரம் வருசத்துக்கும் மேல பழைய துறைமுகம்மா. நூலகம், கோட்டை எல்லாம் இருக்குது. வழிகாட்டி ஒருத்தங்க கூடவே வருவாங்க. பயப்படறதுக்கு அங்க ஒண்ணுமே இல்ல” என்றான்.

நான் பயப்படுவதற்கு எதுவும் தேவையில்லை என்பது அவனுக்கு இந்த வயதிலும் தெரியவில்லை.

அவன் அப்பா அரசு பஸ் டிரைவராக இருந்து ஓய்வு பெற்றவர். சேலம் ரூட்டில், தொப்பூர் கணவாயில் தினமும் ஏறி இறங்கியவர். அவருக்குச் சர்க்கரை நோய் வந்து பன்னிரண்டு வருடமாகிறது. காலையில் இன்சுலின் ஊசி. ஊசி போட்டுக்கொண்டு சரியாகச் சாப்பிடாவிட்டால் சர்க்கரை தடாலென்று இறங்கிவிடும். ஒருமுறை பாப்பாரப்பட்டிச் சந்தையில் தக்காளிக் கூடைகளுக்கு நடுவே அப்படியே சரிந்துவிட்டார். இன்னும் அரைமணி நேரம் போயிருந்தால் சொல்வதற்கில்லை என்றார் டாக்டர். அன்றிலிருந்து என் கைப்பையில் கடலை மிட்டாய் இல்லாமல் நான் வாசல் தாண்டியதில்லை.

வழிகாட்டி நாற்பது வயதுப் பெண்மணி. தலையில் துணி சுற்றியிருந்தார், நல்ல சிரிப்பு. அவருடைய ஆங்கிலமும் என்னுடைய ஆங்கிலமும் ஒன்றுக்கொன்று விட்டுக்கொடுத்துப் போயின. முதல் நாள் பூமிக்கடியில் இருக்கும் பழைய கல்லறைகளைப் பார்க்கச் சுற்றுப்படியில் இறங்கினோம். நான் பாதியில் சுவரைப் பிடித்துக்கொண்டு நின்றுவிட்டேன். எங்கள் வீட்டுக்காரர் மட்டும் அடிவரை போய்வந்து, “அத்தனையும் கல்லுலயே கொடைஞ்சிருக்கான். நீ பாக்காத வரைக்கும் நல்லது, பொணம் வெக்கற மாடம்தான் பூரா” என்றார். அதுவே எனக்கு அன்றைக்குப் போதுமானதாக இருந்தது.

இரண்டாம் நாள் காலை ஓட்டலில் மொச்சை மாதிரி ஏதோ ஒன்றை மசித்து எண்ணெய் ஊற்றி வைத்திருந்தார்கள். இவருக்கு அது இறங்கவில்லை. அரை ரொட்டியோடு எழுந்துவிட்டார்.

“ஊசி போட்டாச்சுங்க. இன்னுங் கொஞ்சம் சாப்புடுங்க.”

“பதினோரு மணிக்கு ஏதாச்சும் தின்னுக்கலாம், உடு.”

விட்டேன். அதுதான் முதல் தப்பு.

கோட்டை கடலுக்குள் நீட்டிக்கொண்டிருந்தது. ஒரு காலத்தில் அங்கே உலகமே பேசிய கலங்கரை விளக்கம் இருந்ததாம். நிலநடுக்கத்தில் அது விழுந்த பிறகு, அந்தக் கல்லையும் எடுத்துத்தான் கோட்டையைக் கட்டினார்களாம். முற்றத்துக் கல்மேடையில் எங்களை உட்காரவைத்து வழிகாட்டி விளக்கிக்கொண்டிருந்தார். நான் அவர் வாயையே பார்த்துக்கொண்டிருந்தேன். பார்த்தால்தான் ஆங்கிலம் புரியும். அப்போது இவர் எழுந்தார். சட்டையை இழுத்துவிட்டுக்கொண்டு நடக்க ஆரம்பித்தார்.

எங்கே போகிறீர்கள் என்று கேட்க வாயெடுத்தேன். கேட்கவில்லை.

இது வெளியாருக்குப் புரியாது. ஒருவர் கிளம்பும்போது எங்கே என்று கேட்கக்கூடாது, போகிற காரியம் தடங்கலாகிவிடும் என்று எங்கள் பக்கம் சொல்வார்கள். டிரைவர் பெண்டாட்டிக்கு அது இன்னும் கண்டிப்பு. கல்யாணமான புதிதில் விவரம் தெரியாமல் ஒருநாள், “இன்னைக்கு எந்தப் பக்கமுங்க?” என்று கேட்டுவிட்டேன். அன்று கணவாயில் ஒரு லாரி உரசி, கண்ணாடி உடைந்து, நெற்றியில் ஏழு தையலோடு வந்து நின்றார். மாமியார் என்னை ஒரு பார்வை பார்த்தார், அவ்வளவுதான். பிறகு இவர் வேலையில் இருந்தவரை நான் அந்தக் கேள்வியைக் கேட்டதே இல்லை. ஓய்வு பெற்று வீட்டில் உட்கார்ந்த பிறகும் கேட்கவில்லை. பழகிப்போயிற்று.

கழிவறைக்குப் போகிறார் போல என்று நினைத்துக்கொண்டேன். பத்து நிமிடம் ஆயிற்று. இருபது ஆயிற்று. மணி பன்னிரண்டைத் தாண்டியிருந்தது, அவர் எதுவும் சாப்பிட்டிருக்கவில்லை. கடலை மிட்டாய் என் பையில் இருந்தது. போன் என் பையில். அவருடைய பாஸ்போர்ட், அந்த ஊர்ப் பணம் எல்லாம் என் பையில். தொலைத்துவிடுவார் என்று எல்லாவற்றையும் நானே வாங்கி வைத்துக்கொண்டிருந்தேன். அவரிடம் அவரைத் தவிர எதுவும் இல்லை என்பது எனக்கு அப்போதுதான் உறைத்தது.

வழிகாட்டியிடம் சொன்னேன். சர்க்கரை, ஊசி, சாப்பாடு இல்லை என்று மூன்று சொல்லில் சொன்னதுமே அவர் முகம் மாறியது. கழிவறையைப் பார்த்தோம், இல்லை. கோட்டைக்குள் எத்தனை அறைகள், எத்தனை இடுக்குகள்! ஒவ்வொரு இடுக்கிலும் சுவரோரம் சுருண்டு கிடக்கிறாரோ என்று எட்டிப் பார்த்தேன். மேல்தளத்தில் கடலைப் பார்த்த சின்னச் சின்ன ஜன்னல்கள். கீழே பாறையில் அலை மோதிக்கொண்டிருந்தது. அந்த ஜன்னல்களில் எட்டிப் பார்க்க மட்டும் எனக்குத் துணிவு வரவில்லை. வழிகாட்டி பார்த்துவிட்டுத் தலையாட்டினார். யாருமில்லை என்று தலையாட்டினாரா, பார்க்காதே என்று தலையாட்டினாரா என்று புரியவில்லை.

மகனுக்குப் போன் போட்டேன். எடுக்கவில்லை. மீட்டிங்கில் இருந்திருப்பான். திட்டிக்கொண்டே மறுபடி போட்டேன், அப்போதும் எடுக்கவில்லை.

வாசல் காவலரிடம் ஓடினோம். அவர் அரபியில் கேட்டார். வழிகாட்டி என் பக்கம் திரும்பி, “உங்கள் கணவர் பெயர் என்ன?” என்றார்.

நான் பையைத் திறந்து பாஸ்போர்ட்டை எடுத்து நீட்டினேன்.

சொல்ல வரவில்லை எனக்கு. முப்பத்தேழு வருடத்தில் அந்தப் பெயரை நான் சொன்னதில்லை. கோயில் அர்ச்சனையில் பக்கத்தில் இருப்பவர்கள் சொல்வார்கள். பாங்கில் எழுதிக் காட்டுவேன். பெண்டாட்டி பேர் சொன்னால் புருஷனுக்கு ஆயுசு குறையும் என்பார்கள். இதெல்லாம் மூடநம்பிக்கை என்று வகுப்பில் பாடம் நடத்தியவள்தான் நான். ஆனால் நம் வீட்டு ஆயுசை வைத்துச் சோதித்துப் பார்க்க யாருக்கு மனது வரும்?

காவலர் பாஸ்போர்ட்டைப் பார்த்து அந்தப் பெயரை உரக்கச் சொன்னார். அவர் வாயில் அது வேறு யாருடைய பெயராகவோ ஆகிவிட்டது. அதைக் கேட்டு யாரும் திரும்பப் போவதில்லை. நான் வாசலுக்கு வெளியே வந்து நின்று, “ஏங்க! ஏங்க!” என்று கத்தினேன். கடைக்காரர்கள் கூவிக்கொண்டிருந்தார்கள், பிள்ளைகள் கத்திக்கொண்டிருந்தார்கள், கடல் அதுபாட்டுக்கு இரைந்துகொண்டிருந்தது. பத்து நிமிடம் கத்தியிருப்பேன். அந்தக் கூச்சலில் என் ‘ஏங்க’ யாருக்குக் கேட்கும்? சந்தையில் அவர் வாய்கோணிக் கிடந்த கோலம் கண்முன் வந்தது. அரைமணி நேரம் என்று டாக்டர் சொன்னது காதில் கேட்டது. அரைமணி எப்போதோ முடிந்திருந்தது. இனிக் குறைவதற்கு என்ன ஆயுசு இருக்கிறது என்று தோன்றியது.

பெயரைச் சொல்லிக் கூப்பிட்டேன்.

முதல் தடவை குரல் வரவில்லை. இரண்டாவது தடவை, பின்வரிசைப் பையனை எழுப்புகிற குரலில், அடித்தொண்டையிலிருந்து கத்தினேன். ‘ங்க’ போடாமல், மொட்டையாக. மூன்றாவது தடவை கத்தும்போது அழுதுகொண்டிருந்தேன். அந்தப் பெயரை இங்கேயும் எழுதப் போவதில்லை.

இடதுபக்கம், கூப்பிடு தூரத்தில், கடலோரக் கட்டைச் சுவரில் ஒரு உருவம் எழுந்து தள்ளாடியது. ஓடினேன். நான் ஓடி யாரும் பார்த்ததில்லை. அவர்தான். சட்டை வியர்வையில் தொப்பலாக நனைந்து, உதடு வெளுத்து, கை வெடவெடவென்று ஆடிக்கொண்டிருந்தது. மிட்டாயை உடைத்து வாயில் திணித்தேன். மெல்லத் தெம்பில்லை. வழிகாட்டி எங்கிருந்தோ ஒரு கிளாஸ் கரும்புச் சாறோடு ஓடிவந்தார். இவர் தலையை அவர் பிடித்துக்கொள்ள, நான் சிறுகச் சிறுக ஊற்றினேன். காவலர் வெயிலை மறைத்துக்கொண்டு நின்றார். கால்மணி நேரத்தில் அவர் முகத்தில் ரத்த ஓட்டம் திரும்பியது.

“நீயா கூப்புட்ட?” என்றார்.

“வேற யாரு?”

“பேரச் சொல்லிக் கூப்புட்டது எங்கம்மா மட்டுந்தான். அது செத்து இருவது வருசம் ஆச்சு. சரி, நம்மளும் போய்ச் சேந்துட்டோம்னு எந்திரிச்சேன்.”

அவர் தோளில் ஒரு அடி வைத்தேன். வழிகாட்டி பார்க்கிறாரே என்றுகூட நினைக்கவில்லை.

“எதுக்கு வெளிய வந்தீங்க?”

“கிறுகிறுன்னு வந்துச்சு. ஒரு டீ குடிச்சா சரியாப் போயிரும்னு வந்தேன். வந்தப்புறம்தான் காசு இல்லங்கறதே நெனப்பு வந்துச்சு.”

“எங்கிட்டச் சொல்றதுக்கு என்ன?”

“நீ பயந்துக்குவ.”

நான் பயப்படுவேன் என்று வீட்டில் எதையெல்லாம் என்னிடம் சொல்லாமல் வைத்திருக்கிறார்களோ என்று முதல் தடவையாக யோசித்தேன். கோட்டை வாசல் எங்களுக்கு நேராகத் தெரிந்தது. எதுவும் மறைக்கவில்லை.

“அங்கதான் இத்தன நேரமும் நின்னு கத்திகிட்டு இருந்தேன். கண்ணு முன்னாடி நிக்கறவளப் பாத்துக் கையாவது தூக்கியிருக்கலாமில்ல?”

அவர் வாசலைப் பார்க்கவில்லை. கையிலிருந்த காலிக் கிளாஸைத் திருப்பித் திருப்பிப் பார்த்துக்கொண்டிருந்தார்.

“ஆளுங்க நிக்கறது தெரிஞ்சுது. எது நீன்னு தெரியல. ரெண்டு மாசமா ரெண்டு கண்ணுமே பொகையாத்தான் தெரியுது. முழுசாப் போறதுக்குள்ள உன்கூட ஒரு ஊரப் பாத்துரலாம்னுதான் அவன் கூப்புட்டதும் வந்தேன்.”

நான் என்னைக் குனிந்து பார்த்துக்கொண்டேன். அந்தக் கோட்டை வாசலில் சேலை கட்டி நின்றவள் நான் ஒருத்திதான். நல்ல கிளிப்பச்சைச் சேலை.