மகளின் எடையும் என் வாயும்

எங்கள் சொந்தக்காரர்களிடம் ஒரு கெட்ட பழக்கம் உண்டு. கல்யாண மண்டபத்து வாசலில் சந்தனம் தொட்டு முடிப்பதற்குள் ஆளைத் தலையிலிருந்து கால்வரை அளந்துவிடுவார்கள். என்ன இப்படி ஊதிட்டே என்பதுதான் அவர்களுக்கு வணக்கம். சொன்ன வாய் மூடுவதற்குள் அதே கை இலையில் இன்னொரு கரண்டி பிரியாணியைத் தள்ளும். போதும் என்றால் கோபம் வேறு வந்துவிடும். இவர்களை என்னதான் செய்வது?

என் மகளுக்குப் பதினாறு வயது. இடைநிலைப்பள்ளியில் நான்காம் படிவ வகுப்பு. பள்ளி வலைப்பந்துக் குழுவில் கோல் காத்தவள். அவள் கையை உயர்த்தி நின்றால் பந்து உள்ளே போவது கஷ்டம். சின்ன வயதிலிருந்தே பூசினாற்போல் இருப்பாள். இந்த இரண்டு வருடத்தில் அந்த வார்த்தைக்குள் அடங்காமல் போய்விட்டாள். யாரைக் குறை சொல்ல? செனாயில் தொழிற்சாலை வேலை முடிந்து வீடு வந்தால் எனக்கு அடுப்பைப் பார்த்தாலே எரிச்சல் வரும். வரும் வழியிலேயே பொரித்த கோழியோ மீ கோரெங் நூடுல்ஸோ கட்டிக்கொண்டு வந்துவிடுவேன். என் வீட்டுக்காரர் தம் பங்குக்குத் தே ஆயிஸ் என்கிற ஐஸ் தேநீரைப் பிளாஸ்டிக் பையில் தொங்கவிட்டுக்கொண்டு வருவார். எல்லாவற்றையும் அவளுக்குக் கொடுத்துவிட்டு, பிள்ளை ஏன் இப்படி ஆகிறாள் என்று நாங்கள் இருவரும் உட்கார்ந்து கவலைப்படுவோம். எங்களை நாலு அறை விட்டால் தகும்.

இதில் என்னுடைய கெட்டிக்காரத்தனம் ஒன்று தனியாக இருக்கிறது. விசேஷங்களில் மற்றவர்கள் வாயைத் திறப்பதற்கு முன்னால் நானே சொல்லிவிடுவேன். இவளுக்குப் பயந்து அரிசி மூட்டையைப் பூட்டி வைக்கிறேன் என்று ஊரே கேட்கச் சிரித்துக்கொண்டு சொல்வேன். நானே சொல்லிவிட்டால் அவர்களுக்குச் சொல்ல ஒன்றும் மிஞ்சாது, பிள்ளை தப்பித்தாள் என்று என் கணக்கு. அவளும் சிரிப்பாள். சிரிக்கிறாளே என்று அடுத்த விசேஷத்திலும் அதையே எடுத்து விடுவேன்.

போன வருடம் பள்ளியில் எல்லாருக்கும் எடை பார்த்தார்கள். அன்று வீட்டுக்கு வந்தவள் வலைப்பந்துச் சட்டையைத் துவைத்துக் காயப்போட்டாள். மறுநாள் அதைப் பள்ளியில் திருப்பிக் கொடுத்துவிட்டாள். அதற்குப் பிறகு உடற்கல்விப் பாடம் உள்ள நாளெல்லாம் வயிற்று வலி. மாவட்டப் போட்டிக்கு இரண்டு மாதம்கூட இல்லை. வலைப்பந்து ஆசிரியை எனக்கு ஃபோன் செய்து, எப்படியாவது அனுப்பி வையுங்கள் என்று கெஞ்சினார். நான் கேட்டேன், கத்தினேன், கைப்பேசியைப் பிடுங்கி வைத்தேன். பிடிக்கவில்லை என்பதற்கு மேல் அவள் வாயிலிருந்து ஒரு சொல் வரவில்லை. விளையாட்டை விட்டாள், இப்படியே போனால் பள்ளிக்கூடத்தையும் விட்டுவிடுவாளோ என்று பயந்தேன். இதற்கு நடுவில், எடை அதிகம், கிளினிக்குக்கு அழைத்துப் போகவும் என்று பள்ளியிலிருந்து ஒரு கடிதம்.

அரசாங்கக் கிளினிக்கில் காலையிலேயே போய் நம்பர் எடுத்து உட்கார்ந்தோம். மிஸ்ஸி என்று நாங்கள் சொல்லும் தாதிதான் எங்களைக் கூப்பிட்டாள், ஒரு தமிழ்ப் பெண். கடிதத்தைப் படித்துவிட்டு எடை பார்க்கும் கருவியைக் காட்டினாள். ஏறு என்று நான் மகளின் முதுகைத் தள்ளினேன். அவள் அசையவில்லை.

"நீங்களும் ஏறுங்கக்கா," என்றாள் மிஸ்ஸி. "வீட்டுல எல்லாருக்கும் ஒரே சாப்பாடுதானே."

எனக்கு வந்ததே கோபம். பின்னால் பெஞ்சில் பத்துப் பேர் உட்கார்ந்திருந்தார்கள். அதில் ஒருத்தி எங்கள் தாமான் வீடமைப்பிலேயே குடியிருப்பவள், பார்த்ததை ராத்திரிக்குள் ஏழு வீட்டுக்குச் சொல்பவள். இப்போதுதான் பசியாறினேன் என்றேன். கால் வலிக்கிறது என்றேன். கடிதத்தில் என் பெயரே இல்லையே என்றுகூடச் சொல்லிப் பார்த்தேன். கடைசியில் குரலைத் தாழ்த்தி, எல்லாரும் பார்க்கிறார்கள் மிஸ்ஸி, வேண்டாமே என்று கெஞ்சினேன்.

மகள் அப்போதுதான் வாயைத் திறந்தாள். சத்தம்கூடப் போடவில்லை.

"பத்துப் பேரு முன்னால உங்களால ஏற முடியல. நான் கிளாஸ் முழுக்க நிக்கறப்ப ஏறினேம்மா. சார் சத்தமா படிச்சாரு. பக்கத்து வீட்டுப் பிள்ளை சொன்னா, இவங்க அம்மாவே அரிசி மூட்டையப் பூட்டி வெக்கிறாங்கன்னு. அப்பத்தான் எல்லாரும் சிரிச்சாங்க."

நாக்கைப் பிடுங்கிக்கொள்ளலாம் போலிருந்தது. இத்தனை நாளும் ஊர்வாயை அடைக்கிறேன் என்று, ஊருக்கு நானே வசனம் எழுதிக் கொடுத்திருக்கிறேன்.

செருப்பைக் கழற்றினேன். கைப்பையை அவளிடம் கொடுத்தேன். அந்த நேரத்திலும் புத்தி எப்படிப் போகிறது பாருங்கள், வளையல்களையும் கழற்றிக் கொடுத்தேன். ஏறி நின்றேன். எண்ணைப் பார்க்காமல் எதிர்ச் சுவரைப் பார்த்துக்கொண்டிருந்தேன். மிஸ்ஸி குனிந்து பார்த்துவிட்டுச் சொல்ல வாயெடுத்தாள்.

அதற்குள் மகள் என் முதுகுக்குப் பின்னால் வந்து, பெஞ்சில் இருந்தவர்களுக்கு நான் தெரியாதபடி மறைத்துக்கொண்டு நின்றாள்.

"மெதுவா சொல்லுங்க மிஸ்ஸி," என்றாள். "அம்மாவுக்குக் கூச்சமா இருக்கும்."