சகலையின் கார் கொதிக்கவில்லை

என் காரும் சகலையின் காரும் ஒரே வருடத்தில் செய்யப்பட்டவை. ஆமை முதுகுபோல் வளைந்த பழைய கார்கள். எண்பதுகளில் திண்டுக்கல்லில் அப்படியொரு காரை ஓடுகிற நிலையில் வைத்திருப்பதே கௌரவம். அவருடையது கொடைக்கானல் மலையைச் சத்தமில்லாமல் ஏறும். என்னுடையது வத்தலக்குண்டு தாண்டி நாலு வளைவு ஏறுவதற்குள் ஆவி விடும். என் மனைவியின் தங்கையைக் கட்டியவர் அவர். மாமியார் வீட்டுப் பந்தியில் இருவருக்கும் பக்கத்துப் பக்கத்து இலை. எனக்கு வயிறு எரிந்தது. இதற்கு நாகரிகமான வார்த்தை தேடிப் பார்த்தேன், கிடைக்கவில்லை.

கடைசி மச்சினிக்குக் கல்யாணம் நிச்சயமானது. பெண்ணை ஆத்தூர் மண்டபத்துக்கு யார் காரில் அழைத்துப்போவது என்ற பேச்சு வந்ததும் மாமியார் என் முகத்தைப் பார்க்காமலே சொன்னார்.

"சின்ன மாப்ள காருல போகட்டும். அதுதான் நடுவழியில நிக்காது."

"மூத்த மாப்ள நான் இருக்கேன்ல அத்த. பொண்ணு என் வண்டியிலதான் வரும்" என்றேன். மூத்தவன் கேட்டால் மறுக்க முடியாது.

ஒரு மாதம் இருந்தது. ரேடியேட்டரை நாகல் நகர்ப் பட்டறையில் கொடுத்து, அடைத்துப்போன குழாய்களை மாற்றினேன். நாலு இறக்கை விசிறியைக் கழற்றிவிட்டு ஆறு இறக்கை போட்டேன். காற்று சிதறாமலிருக்க விசிறியைச் சுற்றித் தகரக் கூடு அடித்து மாட்டினேன். உச்சி வெயிலில் பழனி வரை போய்வந்தேன். சூடு காட்டும் முள் பாதியைத் தாண்டவில்லை. திரும்பும்போது வேண்டுமென்றே சகலை வீட்டு வாசலில் நிறுத்தி, இன்ஜினை அணைக்காமல் கால் மணி நேரம் பேசினேன். அவர் நிஜமாகவே சந்தோஷப்பட்டார். அதுவும் எனக்குப் பிடிக்கவில்லை.

கல்யாணத்தன்று அவர் தன் காருக்கு ஒற்றைச் சரம் கட்டியிருந்தார். நான் பூ மார்க்கெட்டிலிருந்து கூடை கூடையாகச் செவ்வந்தி வாங்கி, காரின் முகமே தெரியாதபடி முன்கம்பிகள்மேல் நெருக்கிக் கட்டினேன். ஊர் எல்லைவரை மேளக்காரர்களுக்குப் பின்னால் ஊர்ந்தோம். ஆத்தூருக்கு இன்னும் மூன்று மைல் இருக்கும்போது முள் சிவப்பைத் தொட்டது. ஆவி கிளம்பியது.

பின்னால் வந்த சகலை இறங்கி, முன்பக்கத்தைப் பார்த்தார். பூவைப் பிய்த்தெடுத்தார்.

"காத்துப் போக விரக்கடை எடமில்லாம கட்டியிருக்கீங்களே, சகல."

என் ஒரு மாத வேலையை என் கையாலேயே மூடிக் கட்டியிருந்தேன்.

"எறங்கு தாயி, அந்தக் காருல ஏறு" என்றார் பெண்ணோடு உட்கார்ந்துவந்த மாமியார். பெண் ஒரு காலைக் கீழே வைத்துவிட்டாள்.

"முகூர்த்தத்துக்கு நேரம் கெடக்கு அத்த. செத்த நேரம் ஆறட்டும். பொண்ணு மூத்த மாப்ள வண்டியிலயே வரட்டும்" என்றார் சகலை. தன் காரிலிருந்த தண்ணீர் கேனைக் கொண்டுவந்து, சூடு இறங்கும்வரை வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு வெயிலில் நின்றார்.

பெண் என் காரிலேயே போய் இறங்கினாள். மண்டபத்தில் காத்திருந்தவர்கள் என்னைப் பாராட்டினார்கள். அவர் வண்டி அப்படி நடுவழியில் நின்றிருந்தால், நான் பெண்ணை ஏற்றிக்கொண்டு திரும்பிப் பார்க்காமல் போயிருப்பேன். அது எனக்குத் தெரியும். அன்று பந்தியில் பக்கத்து இலையில் அவர் சாப்பிட்டுக்கொண்டிருக்க, முன்பு அவர் காருக்காகப் பட்டதைவிட அதிகமாக அவர்மேல் பொறாமைப்பட்டேன்.