ஏழு கூரையும் ஒரே வீடு

நான் கட்டியவற்றில் பாராட்டு வாங்கியவை ஏழு குடில்கள் மட்டுமே. மற்றபடி அரசுப் பணியில் இருந்த காலமெல்லாம் கல்வராயன் மலையிலும் கீழே சங்கராபுரம் பக்கத்திலும் நான் கட்டிய பள்ளிக்கூடங்களும் ரேஷன் கடைகளும் ஒழுகுவதற்காகப் பெயர் வாங்கியவை. அந்த ஏழு குடில்களை நினைத்தால் தூக்கம் வருவதில்லை என்று எழுதினால் படிக்க நன்றாக இருக்கும். நன்றாகத்தான் தூங்குகிறேன். கள்ளக்குறிச்சியில் மின்சாரம் போய், என் வீட்டு மொட்டை மாடியின் சூடு கீழே இறங்கும் மதியங்களில்தான் கொஞ்சம் உறுத்துகிறது.

ஓய்வு பெற்ற மறு வருடம் சென்னையிலிருந்து ஒரு முதலாளி என்னைத் தேடி வந்தார். கம்ப்யூட்டரில் சம்பாதித்து, கம்ப்யூட்டரையே வெறுத்துப்போய், மலைமேல் கல்லும் முள்ளுமாகக் கிடந்த ஒரு சரிவை வாங்கியிருந்தார். நகரத்தில் களைத்தவர்கள் வந்து மௌனமாக உட்கார ஓர் ஓய்விடம் வேண்டும். மண், கல், மூங்கில், புல் தவிர வேறெதுவும் கூடாது. ஒரு மூட்டை சிமெண்ட்கூட மலையேறக் கூடாது என்றார். வாழ்நாள் முழுக்கச் சிமெண்ட் கொட்டிய எனக்கு அன்றைக்கே இயற்கை மேல் பக்தி பிறந்தது.

கொள்கையை விடாமல் காத்தோம். சுவருக்கு அந்த இடத்து மண். பூச்சுக்குச் சுண்ணாம்போடு மலைக் கடுக்காய் ஊறிய தண்ணீர். மலையில் மூங்கில் வெட்ட அனுமதி கிடைக்கவில்லை. வேறு மாநிலத்திலிருந்து லாரியில் வரவழைத்தோம். கச்சிராயபாளையம் தாண்டி வளைவுகளில் ஏறி முடித்ததும் அது உள்ளூர் மூங்கில் ஆகிவிட்டது. கழிவுத் தொட்டியைச் சிமெண்ட் இல்லாமல் கட்ட முடியாது. அதை மண்ணுக்கடியில் புதைத்துவிட்டதால் கொள்கைக்குத் தெரியாமல் போயிற்று.

மிச்சம் கூரைதான். அதற்கு மஞ்சம்புல் வேண்டும். எங்கள் இடத்துக்குக் கீழே, ஓடைக்கு அந்தப் பக்கம் ஒரு சிற்றூர் இருந்தது. அந்த ஊருக்குப் பின்னால் ஒரே ஒரு சரிவில்தான் அந்தப் புல் ஆளுயரம் வளரும். அது தனியொருவருக்குச் சொந்தமில்லை, யாரும் விற்பதுமில்லை. தை பிறந்ததும் ஊரே சேர்ந்து அறுக்கும். எல்லா வீட்டுக்கும் ஒரே வருடத்தில் காணாது என்பதால் முறை வைத்திருந்தார்கள். முறை வந்த வீட்டுக்காரர் வாய்திறந்து கேட்கவே வேண்டாம்; ஊரார் கட்டுக்கட்டாகக் கொண்டுவந்து போட்டு, தாங்களே வேய்ந்தும் தருவார்கள். இன்னொரு கட்டுப்பாடும் உண்டு. ஊரார் கையால் முதல் கட்டுப் புல் ஏறிய கூரையைப் பாதியில் விடக் கூடாது. விட்டால் அந்த வீட்டுக்கும் ஆகாது, வேய்ந்தவர்களுக்கும் ஆகாது. இதெல்லாம் நான் இளைஞனாக அங்கே பள்ளிக்கூடம் கட்டிய நாளில், அவர்களோடு உட்கார்ந்து சாமைச் சோறு தின்றுகொண்டே கேட்டுத் தெரிந்துகொண்டது. பின்னால் உபயோகப்பட்டது.

அந்த வருடத்து முறைக்காரர்களில் மற்றவர்கள் வேய்ந்து முடித்துவிட்டார்கள். கடைசியாக ஒரு தம்பதி மிச்சம். கணவர் எங்களிடம் சுவருக்கு மண் மிதிக்க வந்துகொண்டிருந்தார். மனைவி கடுக்காய் பொறுக்கி விற்பவர். அவர்கள் கூரை மக்கிப்போய் உள்ளிருந்தே வானம் தெரிந்தது. வெள்ளிமலைக்கு அந்தப் பக்கம் கட்டிக்கொடுத்திருந்த ஒரே மகள், மழைக்காலத்தில் தலைப்பிரசவத்துக்குத் தாய்வீடு வரவேண்டும். அதற்குள் கூரை மாறியாக வேண்டும். இதை அந்த அம்மாள் என்னைப் பார்க்கும்போதெல்லாம் சொல்லியிருந்தார். எனக்குத் தெரியாது என்று சொல்லிக்கொள்ள வழியில்லை.

ஊர் கூடியிருந்த ஒரு நாள் பலாமரத்தடிக்குப் போய், எங்கள் ஓய்விடத்தையும் ஒரு வீடாக நினைத்து இந்த வருடம் ஒரு முறை தரவேண்டும் என்று கேட்டேன். சார் இந்த வயசில் மலையில் குடித்தனம் வைக்கிறாரே, பெண் பார்த்தாயிற்றா என்று ஒருவர் கேட்க, எல்லோரும் சிரித்தார்கள். மண் மிதிக்கிறவர்தான் முதலில் தலையாட்டினார். சரிவில் இன்னும் பாதிக்கு மேல் புல் நிற்கிறது, முதலில் சார் வீடு முடியட்டும், தன் வீடு அப்புறம் ஆகட்டும் என்றார்.

ஏழு குடில்களுக்கும் மூங்கில் சட்டம் தயாராக நின்றது. முதல் கட்டு ஏற்ற ஊரார் வந்தார்கள். ஏழு சட்டத்தையும் பார்த்துவிட்டு, மண் மிதிக்கிறவர் என் பக்கத்தில் வந்தார்.

“ஒரு வூடுன்னு சொன்னீங்களே சார்?”

“ஒரே வூடுதாம்பா. ரூமுங்க தள்ளித் தள்ளி இருக்குது, அவ்ளோதான்.”

“இன்னா சார், படுக்கறதுக்கு ஒண்ணு, குந்திக்கினு யோசிக்கிறதுக்கு ஒண்ணா?”

சிரித்தார்கள். நானும் சிரித்தேன். அந்தச் சிரிப்பு அடங்குவதற்குள் ஏழு கூரையிலும் ஒவ்வொரு கட்டு ஏறிவிட்டது. அவசரப்படுத்தியது நான்தான். இனி அவர்கள் நிறுத்த மாட்டார்கள் என்று தெரிந்துதான் ஏழையும் ஒரே நாளில் தொடங்கவைத்தேன். ஏழு கூரைக்கு எவ்வளவு புல் போகும், சரிவில் எவ்வளவு நிற்கிறது என்பதை முன்பே அளந்து பார்த்திருந்தேன். படித்த படிப்பு அதற்காவது பயன்படாவிட்டால் எப்படி?

ஏழாவது கூரையின் உச்சி மூடியபோது சரிவு மொட்டைத் தலையாக நின்றது. தன் வீடு அப்புறம் ஆகட்டும் என்றவருக்கு ஒரு பிடி மிஞ்சவில்லை.

நான் ஒன்றும் கல்நெஞ்சக்காரன் அல்ல. எங்கள் வேலையாட்களின் கொட்டகையிலிருந்த தகரங்களைக் கழற்றி அந்தத் தம்பதியின் வீட்டுக்கு இலவசமாக அனுப்பிவைத்தேன். மழை உள்ளே வரவில்லை என்பது உண்மை. மழை பெய்தால் பக்கத்தில் இருப்பவர் பேசுவது கேட்காது, வெயில் அடித்தால் உள்ளே நிற்க முடியாது, அவ்வளவுதான். மகளை அழைத்துவந்த சம்பந்தி வீட்டார், தகரக் கொட்டகையிலா தலைப்பிரசவம் என்று கேட்டு, அன்றைக்கே அவளைத் திரும்பக் கூட்டிக்கொண்டு போய்விட்டார்கள். குழந்தை புகுந்த வீட்டில் பிறந்தது. மலையில் அது சின்னத் தலைகுனிவு இல்லை.

ஓய்விடம் திறந்தது. வந்தவர்கள் புல்கூரையைத் தடவிப் பார்த்து, மலைமக்களின் அறிவே அறிவு என்று உருகினார்கள். ஒரே ஒரு குறைதான் சொன்னார்கள். காலையில் மௌனமாக உட்காரும் மேடையிலிருந்து பார்த்தால் கீழே ஒரு தகரக் கூரை பளபளவென்று கண்ணைக் குத்துகிறது. இவ்வளவு அழகான மலையில் வாழ்ந்தும் இந்த மக்களுக்கு இயற்கைப் பொருள்களின் அருமை தெரியவில்லையே என்று வருத்தப்பட்டார்கள். ஏதாவது செய்யுங்கள் என்றார் முதலாளி. பச்சைப் பெயிண்டும் ஒரு பெயிண்டருமாக ஓடையைத் தாண்டினேன்.

மகள் குழந்தையோடு அம்மாவைப் பார்க்க வந்திருந்தாள். தூளியை வீட்டுக்குள் கட்டாமல் பலாமரக் கிளையில் கட்டியிருந்தார்கள். அந்த அம்மாள் ஆட்டிக்கொண்டிருந்தார். பெயிண்ட் அடித்தால் தகரம் துருப்பிடிக்காது என்று நான் ஆரம்பித்தேன்.

“துரு புடிக்காதா, மேலேர்ந்து பார்த்தா தெரியாதா?”

“ரெண்டுந்தாம்மா.”

“அடிங்க சார். நீங்க குடுத்த தகரம்தானே.” தூளியை ஒரு தள்ளு தள்ளினார். “ஒண்ணு கேக்கறேன். சார் வூட்டு முறை முடிஞ்சிதா, இன்னும் இருக்குதா?”

முடிந்தது என்றேன். அதுவும் பொய். அடுத்த தடவை கூரை மாற்றவும் அந்தச் சரிவையே நம்பலாம் என்று முதலாளியிடம் உறுதி சொல்லியிருந்தேன்.

“வெயில்ல நிக்காதீங்க. உள்ள போய்க் குந்துங்க.”

போனேன். கொஞ்ச நேரத்தில் சட்டை முதுகோடு ஒட்டிக்கொண்டது. தலைக்கு மேல் பெயிண்டர் பிரஷ்ஷை இழுக்கும் சத்தம். அவர் முடிக்கும்வரை அங்கேயே உட்கார்ந்திருந்தேன் என்று எழுத ஆசைதான். பாதியிலேயே எழுந்து வந்து மர நிழலில் நின்றுகொண்டேன். அந்த அம்மாள் தூளியைக் கொஞ்சம் நகர்த்தி எனக்கு இடம் விட்டார்.

அந்த நேரம் பார்த்து எங்கள் விருந்தாளிகள் சிலர் ஊரைச் சுற்றிப் பார்க்க வந்தார்கள். மரத்தில் தொங்கிய தூளியைக் கண்டதும் ஒருவர் கைகூப்பிவிட்டார். மண்ணோடும் மரத்தோடும் வாழ்வது என்றால் இதுதான் என்றார். படம் எடுத்தார்கள். தகரம் படத்தில் விழாதபடி எங்கே நிற்கவேண்டும் என்று இடம் காட்டியது நான். மகள் முந்தானையால் குழந்தையின் முகத்தை மூடினாள்.

அடுத்த தடவை நாங்கள் புல் கேட்கவேண்டியே இருக்கவில்லை. அந்தத் தம்பதிக்குத் தப்பிப்போன முறையை எந்த வருடத்தில் சேர்ப்பது என்று ஊரில் சண்டை வந்து, முறையே நின்றுபோய், ஒவ்வொரு வீடாகத் தகரத்துக்கு மாறியிருந்தது; சரிவுப் புல்லுக்கு எங்களைத் தவிர ஆளில்லை. எல்லாம் பச்சை, பெயிண்ட் எங்கள் உபயம். அந்த அம்மாளிடம் நான் இன்றுவரை மன்னிப்புக் கேட்கவில்லை. முட்டி வலி, மலையேற முடியவில்லை என்று சொல்லிக்கொள்கிறேன். பஸ் அவர்கள் ஊர் வரைக்கும் போகிறது.

விருந்தாளிகள் எடுத்த அந்தத் தூளிப் படத்தைப் பெரிதாக்கி ஓய்விடத்தின் வரவேற்பறையில் மாட்டினார்கள். அடியில் எழுத ஒரு வார்த்தை வேண்டும், உங்களுக்குத்தான் தமிழ் நன்றாக வரும் என்றார் முதலாளி. வீட்டுக்குள் வெக்கை என்று எழுதியிருக்கலாம். ‘தாய்வீடு’ என்று எழுதிக் கொடுத்தேன்.