நீல வாளித் தண்ணீர்

திருப்பாதிரிப்புலியூர் ரயில் நிலையத்துக்குப் போகிற வழியில் ஆறு வருடம் தள்ளுவண்டியில் இட்லி விற்றேன். வண்டி சுத்தமாக இருக்கிறது என்று எல்லோரும் சொல்வார்கள். தட்டில் வாழையிலைத் துண்டு போட்டுத்தான் இட்லி வைப்பேன். பலகையைத் துடைத்துக்கொண்டே இருப்பேன். எனக்கு ஆட்களிடம் பேச்சு வராது. துடைத்துக்கொண்டிருந்தால் பேச வேண்டியதில்லை.

எவர்சில்வர் குடத்தில் நகராட்சிக் குழாய்த் தண்ணீர் இருக்கும். அது குடிக்கவும் சட்னிக்கும். நீல வாளியில் இருப்பது சாக்கடை ஓரத்து அடிபம்பில் அடித்தது. அது தட்டு கழுவ மட்டும்.

பக்கத்தில் தேவனாம்பட்டினத்துக்காரர் ஒருவர் கம்பங்கூழ் விற்றார். சுனாமிக்குப் பிறகு கடலுக்குப் போக மனம் வராமல் கூழ்ப்பானையோடு வந்தவர். கையை விட்டுத்தான் கரைப்பார். முழங்கை வரை கூழ் ஒட்டியிருக்கும். சிலர் முகம் சுளிப்பார்கள். ஆனால் அவர் வீட்டிலேயே தண்ணீரைக் காய்ச்சிக் கேனில் கொண்டுவருவார். காலையில் அந்தக் கேனைத் தொட்டால் இளஞ்சூடாக இருக்கும். நானே தொட்டிருக்கிறேன்.

ஒரு மார்ச் மாதம் இரண்டு நாளாகக் குழாயில் தண்ணீர் வரவில்லை. குடம் காலியாகிவிட்டது. ஆட்கள் நிற்கிறார்கள், சட்னி அடியில் கெட்டியாகக் கிடக்கிறது. பக்கத்துக் கேனில் ஒரு சொம்பு கேட்டிருக்கலாம். கூச்சம். நீல வாளியில் மொண்டு ஊற்றிக் கலக்கிவிட்டேன்.

அந்தச் சட்னியோடுதான் ஒரு ஆட்டோக்காரர் மகளுக்கு இட்லி கட்டிக்கொண்டு போனார். பன்னிரண்டாம் வகுப்பு படிக்கிற பெண். மறுநாள் அவளுக்குப் பரீட்சை. மதியம் அவளே வந்து கூழும் குடித்தாள். அன்று இரவு அவளுக்கு வாந்தியும் பேதியும். குளுக்கோஸ் ஏற்றினார்கள், பரீட்சை போனது. மிச்சச் சட்னியைத் தின்ற எனக்கும் அதே பாடுதான். நான் கூழ் குடிக்கவில்லை.

அடுத்த நாள் ஆட்டோ ஸ்டாண்டு ஆட்களோடு அவள் அப்பா வந்து கூழ்ப்பானை முன்னால் நின்றார்.

"கைய வுட்டுக் கலக்குற கருமத்தக் குடிச்சிதான் எம்பொண்ணு ஆஸ்பத்திரில கெடக்குது."

காய்ச்சின தண்ணீர்தான் என்று கூழ்க்காரர் கேனைக் காட்டினார். யாரும் பார்க்கவில்லை. ஆட்டோக்காரர் என் பக்கம் கை நீட்டினார்.

"தோ, அக்கா வண்டியப் பாரு. எப்புடி வெச்சிருக்குது. வருசக்கணக்கா அங்கதான் துன்னுது எம்பொண்ணு. ஒரு நாளு ஒண்ணு ஆயிருக்குமா?"

நான் பலகையைத் துடைத்துக்கொண்டிருந்தேன். கூழ்க்காரர் ஒரு தரம் என்னைத் திரும்பிப் பார்த்தார். நான் துணியைப் பிழிந்து மறுபடி பலகையைத் துடைத்தேன். பானையைச் சாக்கடையில் கவிழ்த்தார்கள். அதன்பிறகு அவரை அந்த இடத்தில் நிற்கவிடவில்லை.

மறுநாளிலிருந்து எல்லாத் தண்ணீரையும் காய்ச்சினேன். அந்தப் பெண் பிறகு மறுபடி எழுதித் தேறினாள். அவள் அப்பா என்னிடமே இட்லி வாங்கிக்கொண்டிருந்தார்.

நாலைந்து வருடம் கழித்து ஒரு கல்யாணத்துக்காகச் சிதம்பரம் போனேன். பேருந்து நிலையத்துக்கு வெளியே அவர் கூழ் விற்றுக்கொண்டிருந்தார். தலை முழுக்க நரைத்திருந்தது. "வாம்மா, இட்லிக்காரம்மா" என்றார். நான் தரையைப் பார்த்தபடி, நிறுத்தினால் பேச்சு வராது என்று, அன்றைய சட்னியைப் பற்றி ஒரே மூச்சில் சொல்லி முடித்தேன்.

அவர் வெங்காயம் நறுக்குவதை நிறுத்தவில்லை.

"தெரியும்மா. நீ நீல வாளில மொண்டத நாந்தான் பாத்துகினு இருந்தனே."

பின்னே ஏன் அவர்களிடம் சொல்லவில்லை என்று கேட்டேன்.

"நீ சொல்லுவன்னு நின்னேன்."

பிறகு பானையில் கூழ் கரைத்தார். கையை விடவில்லை, நீளமான அகப்பை ஒன்று வைத்திருந்தார். ஒரு சொம்பு எனக்கு நீட்டினார். வாங்கிக் குடித்தேன். அவர் அடுத்த ஆளைக் கவனிக்கப் போய்விட்டார்.