மெயினைக் காணவில்லை

வியாழக்கிழமை காலை ஒன்பது நாற்பது.

அந்த நிமிஷம் வரை எல்லாம் ஒழுங்காகத்தான் போனது. கடலூரில் ஏறிய பஸ்ஸில் ஜன்னலோர சீட் கிடைத்தது. சிதம்பரத்தில் இட்லி சூடாக இருந்தது. ஆட்டோக்காரர்கூட முறைக்காமல் ஏற்றிக்கொண்டார். இவ்வளவு நல்லது வரிசையாக நடந்தால் எனக்குப் பயம் வந்துவிடும். வாராவாரம் என்னைப் படிக்கிற உங்களுக்கு இது தெரியாதா என்ன?

என் மகள் நஸ்ரினுக்கு அன்று ஃபைனல் இயர் புராஜெக்ட் வைவா. அதற்கு அப்பன் எதற்கு லீவு போட்டுக்கொண்டு கூடப் போக வேண்டும்? இதை நஸ்ரினே கேட்டாள்.

"அத்தா, நீங்க வந்து என்னா செய்யப் போறீங்க?"

"வராண்டாவுல உக்காந்திருப்பேன்."

"உக்காருங்க. லேபுக்குள்ள மட்டும் வந்துராதீங்க."

அப்படியே உட்கார்ந்தேன். லேப் ஜன்னலுக்கு நேர் கீழே ஒரு பெஞ்ச். உள்ளே பேசுவது அத்தனையும் காதில் விழும். இடத்தைத் தேர்ந்தெடுத்துத்தான் உட்கார்ந்தேன்... மறைப்பானேன்?

புராஜெக்ட் இரண்டு பேருடையது. நஸ்ரினும் அவள் தோழி கயல்விழியும். கயல்விழிக்குக் கடலூரை ஒட்டிய ஒரு மீனவக் குப்பம். அங்கே எந்தப் படகு கடலுக்குப் போனது, யார் யார் போனார்கள், எது இன்னும் திரும்பவில்லை என்பதை ஒரு நோட்டில் குறித்துவைப்பார்கள். சில நாள் குறிப்பார்கள், சில நாள் மறந்துவிடுவார்கள். இந்தப் பெண்கள் அதைக் கம்ப்யூட்டருக்குக் கொண்டுவந்தார்கள். படகு கிளம்பும்போது பெயரைத் தட்டினால் போதும். திரும்ப வேண்டிய நேரம் தாண்டிவிட்டால் அந்தப் பெயர் திரையில் சிவப்பாக மின்னும். நான்கு மாத உழைப்பு. கயல்விழிக்குச் சென்னையில் வேலைகூடத் தயாராக இருந்தது. பாஸ் செய்தால்தான் சேர முடியும்.

அந்த டிபார்ட்மென்டில் ஒரு வழக்கம். ஓடுகிற புரோகிராமைக் கொண்டுவந்து காட்டினால் ஒப்புக்கொள்ள மாட்டார்கள். அங்கேயே, லேப் மெஷினிலேயே முதலிலிருந்து கம்பைல் செய்து, அதாவது எழுதியதை மெஷினுக்குப் புரிகிற மாதிரி மாற்றி, ஓட்டிக்காட்ட வேண்டும். வெளியூரிலிருந்து வரும் எக்ஸாமினர் பதினொரு மணிக்கு வருகிறார். அதற்குமுன் ஒத்திகை பார்க்கலாம் என்று பென் டிரைவைச் செருகினார்கள்.

ஒன்பது நாற்பதுக்கு நஸ்ரினின் குரல் கேட்டது.

"ஏய் கயலு... இன்னாடி இது? மெயின் இல்லங்குது?"

நானும் அவளிடம் கேட்டுத் தெரிந்துகொண்டதுதான். எவ்வளவு பெரிய புரோகிராமாக இருந்தாலும் மெஷின் அதற்குள் நுழைவதற்கு மெயின் என்ற ஒரே ஒரு இடம்தான் உண்டு. அது இல்லாவிட்டால் மற்றதெல்லாம் இருந்தும் பயனில்லை. இவர்களுடைய புரோகிராம் ஏழெட்டு ஃபைல்களாக இருந்தது. மெயினுக்குத் தனி ஃபைல்.

ஃபைலைத் திறந்து மெயின் என்ற சொல்லைத் தேடினார்கள். முப்பதாவது வரியோ என்னவோ, அங்கே சமத்தாக இருந்தது. எழுத்துப்பிழை இல்லை. மறுபடி கம்பைல். மறுபடியும் மெயினைக் காணவில்லை!

வேறு மெஷினுக்கு மாறினார்கள். அங்கேயும் அதே பதில். லேப் அசிஸ்டென்ட் வந்தார்.

"சாஃப்ட்வேர்தான் கெட்டுப்பூடுச்சோ என்னவோ... இரும்மா, வேற காப்பி போட்டுப் பாக்கலாம்."

போட்டுப் பார்த்தார். ஊஹூம்.

பத்தேகாலுக்கு நஸ்ரின் வெளியே வந்தாள். முகம் வெளுத்திருந்தது.

"அத்தா, காலைல நம்ம கம்ப்யூட்டர யாராச்சும் ஆன் பண்ணீங்களா?"

"நானா? டைம் பாக்கறதுக்கு ஆன் பண்ணேம்மா."

எங்கள் வீட்டில் நான்கு கடிகாரம் இருக்கிறது. அவள் இருந்த பதற்றத்தில் அதை யோசிக்கவில்லை. திரும்பி ஓடினாள்.

நடந்ததைச் சொல்லிவிடுகிறேன். அன்று விடிகாலைத் தொழுகை முடித்து வந்தேன். நஸ்ரின் குளிக்கப் போயிருந்தாள். கம்ப்யூட்டரில் பென் டிரைவ் செருகியபடி இருந்தது. எங்கள் வீட்டில் கடிதமோ, கல்யாணப் பத்திரிகையோ, மளிகை லிஸ்ட்டோ... எதுவானாலும் தலைப்பில் 786 என்று எழுதாமல் தொடங்க மாட்டோம். இறைவன் பெயரால் தொடங்குகிறோம் என்பதற்கு எங்கள் பக்கத்து அடையாளம் அது. இந்தப் பத்தியை எழுதுகிற தாளின் உச்சியிலும் இருக்கிறது. பத்திரிகைக்காரர்கள் வாராவாரம் அதை விட்டுவிட்டு அச்சடிக்கிறார்கள், அது வேறு விஷயம்.

நான்கு மாத உழைப்பு... அதன் தலையில் மட்டும் ஒன்றும் இல்லாமல் போகலாமா?

நஸ்ரின் ஒருமுறை சொல்லியிருந்தாள். ஒரு ஸ்லாஷ், ஒரு ஸ்டார் போட்டுவிட்டு என்ன வேண்டுமானாலும் எழுதலாம். மெஷின் அதைப் படிக்காது. மனுஷர்கள் படிப்பதற்கான குறிப்பு அது. அதை ஞாபகம் வைத்திருந்தேன். பென் டிரைவில் இருந்த மெயின் ஃபைலைத் திறந்து முதல் வரியில் ஸ்லாஷ், ஸ்டார், 786 என்று தட்டினேன். சேவ் செய்தேன். ஒரு துவா ஓதிவிட்டு எழுந்தேன்.

மெஷின்தான் படிக்காதே? அப்புறம் எப்படி அதனால் கெடும்? நான் வாயைத் திறக்காமல் இருந்ததற்கு இது பாதிக் காரணம். மீதி, வெறும் பயம்.

வீட்டிலிருந்து போன் வந்தது. என் மனைவி.

"என்னாங்க, ஆரம்பிச்சுட்டாங்களா?"

"இல்ல. என்னமோ கம்பைல் ஆவலையாம்."

"நீங்க எதையும் தொடலையே?"

இருபத்து மூன்று வருஷக் குடித்தனம்! பதில் சொல்லாமல் போனை வைத்தேன்.

அப்போதுதான் ஜன்னல் வழியாக அது கேட்டது.

"கடைசியா மெயின் ஃபைல யாரும்மா தொட்டது?" லேப் அசிஸ்டென்ட் கேட்டார்.

"நாந்தாண்ணே," என்றாள் கயல்விழி. "நேத்து சாயந்தரம் நஸ்ரின் வூட்டுல வெச்சு மெனுவுல ஒரு வரி மாத்துனேன். அப்ப ஓடுச்சு. ஆனா பென் டிரைவுல காப்பி பண்ணதும் நாந்தான். அப்பதான் எதையோ கெடுத்துட்டேன் போலருக்கு... உன் மார்க்கும் சேத்து பூடுச்சே நஸ்ரின்."

"லூசு மாரி பேசாத. நீ கெடுத்திருக்க மாட்ட."

"பின்ன யாருடி?"

கயல்விழி அழுதது சத்தமாகக் கேட்கவில்லை. மூக்கை உறிஞ்சுவது மட்டும் கேட்டது.

செருப்பைக் கழற்றிவிட்டு உள்ளே போனேன்.

"சார், வெளி ஆளுங்கள்லாம் இப்ப வரக்கூடாது," என்றார் லேப் அசிஸ்டென்ட்.

"வெளி ஆளு இல்லீங்க. காலைல நான் ஒண்ணு செஞ்சேன்... நஸ்ரின், அந்த ஃபைலோட மொத வரிக்குப் போம்மா."

போனாள். பார்த்தாள். இரண்டு பேரும் பார்த்தார்கள்.

"அத்தா... இத மூடலையா?"

"எத?"

"கமென்ட்ட! ஆரம்பிச்சா முடிக்கணும்ல? ஸ்டார், ஸ்லாஷ் போட்டு?"

786 எழுதினால் அதை முடிப்பது என்று ஒன்று உண்டா? ஐம்பது வருஷமாக எழுதுகிறேன். எழுதிவிட்டு அதற்குக் கீழே விஷயத்தைத் தொடங்குவோம். எனக்குத் தெரிந்தது அவ்வளவுதான். மெஷினுக்கு அப்படி இல்லையாம். முடிக்கும் அடையாளம் கண்ணில் படுகிற வரை வருவதெல்லாம் குறிப்பு என்றே அது நினைத்துக்கொள்ளும். அந்த ஃபைலில் ஒரே ஒரு இடத்தில்தான் முடிக்கும் அடையாளம் இருந்தது. 'மெயின் முடிந்தது' என்று கயல்விழி எழுதிவைத்த கடைசி வரியில்! ஆக, முதல் வரியிலிருந்து கடைசி வரி வரை மொத்தமும் குறிப்பு. மெயின் எல்லோர் கண்ணுக்கும் தெரிந்தது. மெஷின் கண்ணுக்கு மட்டும் இல்லை.

லேப் அசிஸ்டென்ட் வாய்விட்டுச் சிரித்தார். நஸ்ரின் சிரிக்கவில்லை. கீபோர்டையும் தொடவில்லை.

"மொதல்ல கயலுகிட்ட சாரி சொல்லுங்க அத்தா."

பத்தே முக்கால் ஆகப்போகிறது. பதினொரு மணிக்கு எக்ஸாமினர். அந்த நேரத்திலும் எது முதல், எது அடுத்தது என்று என் பெண்ணுக்குத் தெரிந்திருந்தது. எனக்குத் தெரிந்திருந்ததா?

"தப்பு என்னுதும்மா கயலு. நீ எதையும் கெடுக்கல. மன்னிச்சுக்க," என்றேன்.

அதற்குப் பிறகுதான் நஸ்ரின் கீபோர்டில் கை வைத்தாள். அந்த வரியை அழிக்கப் போனாள். கயல்விழி அவள் கையைப் பிடித்தாள்.

"இருடி. அங்கிள் ஆசையா போட்டது. இருக்கட்டும்."

அவளே குனிந்து 786-க்குப் பக்கத்தில் ஒரு ஸ்டார், ஒரு ஸ்லாஷ் தட்டினாள். கம்பைல் செய்தார்கள். பிழை ஒன்றும் இல்லை. திரையில் படகுகளின் பெயர்கள் வரிசையாக வந்து நின்றன.

எக்ஸாமினர் சரியாகப் பதினொரு மணிக்கு வந்தார். கண்டிப்பான அம்மா. நான் பழையபடி என் பெஞ்சுக்குப் போய்விட்டேன்.

"காலைல ஏதோ பிராப்ளம்னாங்களே, என்னது?" என்று அவர் கேட்பது கேட்டது.

நஸ்ரின் தடுமாறவில்லை. மூடாத கமென்ட், அதற்குள் மாட்டிக்கொண்ட மெயின், அதனால் வந்த எரர்... பாடம் நடத்துவதுபோல் விளக்கினாள்.

"யார் செஞ்ச தப்பு?"

நான் பெஞ்சைப் பிடித்துக்கொண்டேன்.

"எங்க டீம்ல மூணாவதா ஒருத்தர் இருக்காரு மேடம். டெஸ்டிங் பாத்துக்கறவரு."

கயல்விழிக்கு இருமல் வந்தது. அது என்ன இருமல் என்று எனக்குத் தெரியும்.

அந்த அம்மா ஒரு படகைக் கடலுக்கு அனுப்பச் சொன்னார். அனுப்பினார்கள். நேரத்தைத் தாண்டவைத்தார்கள். சிவப்பு மின்னியது போலிருக்கிறது, பேச்சு நின்றது.

"சரி, இப்படி சிவப்பு வந்தா யார் தேடிப் போவாங்க?"

"எங்கப்பா மேடம்," என்றாள் கயல்விழி. "எங்க ஊர்ல அவருதான் மொதல்ல போவாரு."

"அப்ப இத இங்கயே விட்டுட்டுப் போயிராதீங்க. ஊருக்குக் கொண்டுபோங்க."

பாஸ் என்று இதைவிட எப்படிச் சொல்வார்கள்? கைக்குட்டையை எடுத்துக் கண்ணாடியைத் துடைத்தேன். கண்ணாடியில் ஒன்றும் இல்லை.

நம்மில் பல பேர் இதைத்தானே செய்கிறோம்? பிள்ளைகள் செய்து முடித்த வேலையின் தலையில் நம் ஆசையை எழுதிவைக்கிறோம். அதை எந்த இடத்தில் நிறுத்துவது என்று நமக்குத் தெரிவதில்லை. அவர்கள் செய்தது முழுக்க நம் ஆசைக்குள் காணாமல் போகிறது. பிறகு நாமே வராண்டாவில் உட்கார்ந்து, 'என் பிள்ளை ஏன் இப்படித் திணறுகிறது?' என்று கவலைப்படுகிறோம்.

என் வீட்டுப் பிள்ளையும் அதன் தோழியும் என்னைத் திருத்தினார்கள். அழிக்காமல் திருத்தினார்கள். இதைவிடப் பெருமை எனக்கு வேண்டுமா?

பன்னிரண்டரை மணிக்கு, எல்லாம் முடிந்த பிறகு, கயல்விழியின் அப்பா காலேஜுக்கு வந்து சேர்ந்தார். படகு கரைக்கு வரவே தாமதமாம். தலை இன்னும் ஈரமாக இருந்தது. இஸ்திரி போட்ட வெள்ளைச் சட்டை.

"இன்னா பாய், முடிஞ்சிருச்சா?"

முடிந்ததைச் சொன்னேன். அதோடு விட்டிருக்கலாம். முடியவில்லை. 786-ஐச் சொன்னேன். பொய் சொன்னதைச் சொன்னேன். உங்கள் பெண் அழுதது என்னால்தான் என்பதையும் சொல்லிவிட்டுத் தலையைக் குனிந்துகொண்டேன்.

அவர் என் பக்கத்தில் பெஞ்சில் உட்கார்ந்தார்.

"உள்ள போயி ஒத்துக்கினீங்களே... அதுக்கு எவ்ளோ நேரமாச்சு பாய்?"

"நஸ்ரின் வந்து கேட்டதுலேருந்து இருபது, இருபத்தஞ்சு நிமிஷம் ஆயிருக்கும்."

"பரவால்ல பாய். நானா இருந்தா இந்நேரம் கடலூர் பஸ்ஸுல போயிக்கினு இருப்பேன்."